நடுவில் யாரும் நிறுத்தாத பாடம்

சென்னை
12 ஆகஸ்ட் 2024

வஹிதா,

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஆபீஸ் மெயிலில் எழுதினால் என் மேலதிகாரியும் படிப்பார், உன் பிரின்சிபாலும் படிப்பார். அதனால் பதினைந்து வருஷம் கழித்துத் தபால் பெட்டியைத் தேடிக்கொண்டு போனேன். எங்கள் தெருவில் இருந்த பெட்டியை எப்போதோ பிடுங்கிவிட்டார்களாம். முட்டிவலியோடு தபால் ஆபீசுக்கே நடக்க வேண்டியதாயிற்று. அந்த நடையையாவது என் மன்னிப்போடு சேர்த்துக்கொள்.

சேலம் கூட்டத்தில் நடந்ததற்குத்தான் மன்னிப்பு. நம் தொலைநிலைக் கல்வியின் பதினோரு படிப்பு மையங்களின் ஆசிரியர்களையும் உட்காரவைத்து, பெரிய திரையில் அந்தப் பலகையைப் போட்டேன். எந்த மையத்து மாணவர்கள் வீடியோ பாடங்களை எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்ற கணக்கு அது. நன்றாகப் பார்த்தால் பச்சை, அரைகுறையாகப் பார்த்தால் மஞ்சள், பார்க்காவிட்டால் சிவப்பு. பாப்பிரெட்டிப்பட்டி மையம் கடைசியில் சிவப்பாக நின்றது. பக்கத்தில் உன் பெயர். பெயரை எடுத்துவிட்டுக் காட்டியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. நான் கட்டிய பலகை வேலை செய்கிறது என்ற குஷியில் அதில் இருப்பவர்கள் மனிதர்கள் என்பதே மறந்துபோயிற்று. எம்.எஸ்சி.யில் உன் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிப் பாஸானவன் நான். அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

முக்கால்வாசிப் பாடங்களைப் பார்க்காதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்ற புது விதி என்னுடையது இல்லை. அது மேலே எடுத்த முடிவு. எண்ணிக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை.

இன்னொரு விஷயம். ஜூலையிலிருந்து உன் மையம் முழுக்கப் பச்சை. முப்பத்தெட்டு மாணவர்கள், முப்பத்தெட்டும் பச்சை. ஒவ்வொரு பாடத்தையும் கடைசி நொடிவரை பார்த்திருக்கிறார்கள். சென்னை மையத்தில்கூட இப்படி இல்லை. என்ன செய்தாய் வஹிதா? கமிட்டிக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது. இங்கே எல்லோரும் களைத்துப்போய்க் கிடக்கிறோம். ஏதாவது ஒன்று எங்காவது ஒழுங்காக நடக்கிறது என்று எழுத எனக்கும் ஆசையாக இருக்கிறது.

மாதேஸ்வரன்

*

பாப்பிரெட்டிப்பட்டி
26 ஆகஸ்ட் 2024

திரு. மாதேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மன்னிப்பை ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘நீங்கள்’ என்று எழுதுவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். கோபம் தீரும்வரை இப்படித்தான்.

உங்கள் பலகை என்ன செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். சேலத்திலிருந்து திரும்பிய மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டார். அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். “இந்த செமஸ்டரும் செவப்பா இருந்தா மையத்தையே மூடிருவாங்க மேடம். அப்பறம் உங்க ஒப்பந்தத்தை நான் எதைக் காட்டிங்க புதுப்பிக்கறது?” என்றார். பதினொரு வருஷமாக நான் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படுகிற ஆள். உங்களுக்குப் பென்ஷன் உண்டு, எனக்கு டிசம்பர் முப்பத்தொன்று உண்டு.

என் மாணவர்கள் யார் என்று உங்கள் பலகைக்குத் தெரியாது. ஒருத்தியைச் சொல்கிறேன். பெயர் தீர்த்தம்மாள். வயது முப்பத்து நாலு. சித்தேரி மலை அடிவாரத்தில் ஓர் அங்கன்வாடியில் உதவியாளர். டிகிரி முடித்தால் மேலே ஒரு வேலைக்கு எழுதலாம் என்று சேர்ந்திருக்கிறாள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, மூன்றரைக்குப் பூட்டிவிட்டு முக்கால் மணி நேரம் நடந்து தார் ரோட்டுக்கு வந்தால்தான் அவள் போனில் சிக்னல் கிடைக்கும். ஐந்து மணி மினி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட வேண்டும். ஆக, நாலேகாலிலிருந்து ஐந்துவரை. அதுதான் அவளுடைய கல்லூரி. அதற்குள் உங்கள் இருபது நிமிட வீடியோ நின்று நின்று ஓடி ஒன்று முடிந்தால் உண்டு.

கமிட்டிக்கு எழுதப்போகிறீர்கள் என்றால் இதை எழுதுங்கள். பாடங்களைப் பத்து நிமிடத்துக்குள் வெட்டுங்கள். வெறும் குரலாகக் கேட்கவும் வழி செய்யுங்கள். போனில் இறக்கி வைத்துக்கொள்ள விடுங்கள். கூடவே இரண்டு பக்கம் எழுத்தில் கொடுங்கள்.

பச்சை எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பச்சை மூலத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்டீர்கள், வந்துவிட்டது.

வஹிதா

*

சென்னை
11 செப்டம்பர் 2024

வஹிதா,

‘நீங்கள்’ நன்றாகவே உறைத்தது. பரவாயில்லை, பதில் வந்ததே பெரிசு.

உனக்கு ஒரு நல்ல செய்தி. அறிக்கை கமிட்டியில் அப்படியே எடுபட்டுவிட்டது. ஆனால் நீ சொன்ன பத்து நிமிடத்தை நான் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. உன் மாணவர்களை நீயே குறைத்து மதிப்பிடுகிறாய். அவர்கள் பார்த்த கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. இருபது நிமிடப் பாடத்தை ஒருத்தர்கூட நடுவில் நிறுத்துவதில்லை, பின்னால் தள்ளிப் பார்ப்பதில்லை, வேகத்தைக் கூட்டுவதில்லை. புள்ளியியலில் திட்ட விலக்கம் பாடத்தைக் கேமரா முன்னால் நடத்தும்போது எனக்கே கொட்டாவி வந்தது. அதைக்கூட முப்பத்தெட்டுப் பேரும் ஒரே மூச்சில் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டார்களா உன் ஊர்க்காரர்கள்?

கணக்கைச் சுத்தம் பண்ணித்தான் பார்த்தேன். பாதியில் அறுந்த இணைப்பு, திறக்கப் பார்த்துத் திறக்காதது, பிழைச் செய்தி என்று எப்போதும் ஒரு மூட்டை குப்பை வரும். அதையெல்லாம் கழித்தபிறகு உன் மையத்தின் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக நின்றது. கமிட்டித் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, “கிராமத்துப் பிள்ளைங்களுக்குக் கவனம் ஜாஸ்திங்க, நாமதான் துண்டு துண்டா வெட்டிக் கெடுக்கறோம்” என்றார்.

முடிவு என்னவென்றால், அக்டோபர் ஒன்றிலிருந்து பதினோரு மையங்களிலும் பாடங்கள் ஐம்பது நிமிடம். இரண்டு மூன்று பாடங்களைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டோம். அதற்கு வைத்திருக்கிற பெயரைக் கேட்டால் சிரிப்பாய்: ‘பாப்பிரெட்டிப்பட்டி மாதிரி’. உன் பிரின்சிபாலுக்குப் பாராட்டுக் கடிதம் வரும். டிசம்பரில் அவர் உன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் எங்கே போவார்?

சேலத்துக்கு இது ஈடாகுமா என்று தெரியாது. ஆகும் என்று நினைத்துக்கொண்டுதான் ரொம்ப நாள் கழித்து நேற்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மாதேஸ்

*

தர்மபுரி
20 செப்டம்பர் 2024

மாதேஸ்,

நிறுத்து. எப்படியாவது நிறுத்து. கோபத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அந்தப் பாடங்களை என் மாணவர்கள் பார்க்கவில்லை. நான்தான் ஓட்டினேன்.

பிரின்சிபால் பேசிய வாரமே முப்பத்தெட்டுப் பேரிடமும் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வாங்கினேன். ‘அட்டெண்டன்ஸ் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் முடிந்தபோது படியுங்கள்’ என்று மட்டும் சொன்னேன். எங்கள் கம்ப்யூட்டர் லேபில் உயிரோடு இருக்கிற மெஷின் பத்தொன்பது. நாலு மணிக்குக் கல்லூரி விட்டதும் லேபைத் திறந்து, பத்தொன்பது பேர் கணக்கில் நுழைந்து, பாடத்தை ஓடவிட்டுச் சத்தத்தை அணைத்துவிடுவேன். ஐந்து மணிக்கு மீதிப் பத்தொன்பது பேர். ஆறரை பஸ்ஸில் தர்மபுரி. லேப் உதவியாளர் லூர்துமேரி முதல் நாள், “நாம பண்றது பாவமுங்களா மேடம்?” என்று கேட்டாள். இப்போது அவள் கேட்பதில்லை. நான் வருவதற்குள் பாதி மெஷினைப் போட்டு வைத்திருக்கிறாள்.

யாரும் நடுவில் நிறுத்தாததற்குக் காரணம் இதுதான். மெஷினுக்குத் தாகம் எடுக்காது.

செவ்வாய், வியாழன் புள்ளியியல். பத்தொன்பது திரையிலும் நீதான் இருப்பாய். வாய் மட்டும் அசையும். கையை ஆட்டி ஆட்டிக் காலி நாற்காலிகளுக்குத் திட்ட விலக்கம் நடத்துவாய். முதல் நாள் எனக்கும் லூர்துமேரிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதே கிடையாது. விடைத்தாள் திருத்துவேன். கண் எரியும். வீட்டுக்குப் போனால் என் கணவர் நசீருதீன், “என்ன வஹிதா, கடையில நாள் முழுக்க நின்ன என்னைவிட நீ சோர்ந்து வர்ற?” என்கிறார். அவரிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஐம்பது நிமிடம் என்பது பொய்யின்மேல் கட்டுகிற வீடு. தீர்த்தம்மாளின் முக்கால் மணி நேரத்தில் ஒரு பாடம்கூட முடியாது. மற்றப் பத்து மையத்திலும் அவளைப்போல எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் எப்படி நிறுத்தப்போகிறாய் என்று யோசித்துச் செய். போலி வருகை என்று தெரிந்தால் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஹால் டிக்கெட் போய்விடும் என்று விதியிலேயே இருக்கிறது. அவர்களுக்காகச் செய்தேன். அது அவர்கள் தலையிலேயே விடியக் கூடாது.

வஹிதா

*

சென்னை
30 செப்டம்பர் 2024

திருமதி வஹிதா அவர்களுக்கு,

உங்கள் வழக்கப்படி நானும் மரியாதையோடு எழுதுகிறேன்.

கடிதம் நான்கு நாளாக என் பையிலேயே இருக்கிறது. மின்சார ரயிலில் தினமும் எடுத்துப் படிக்கிறேன். தினமும் அதே எழுத்துதான் இருக்கிறது.

ஆகஸ்டில் நான் கேட்டேன். ‘என்ன செய்தாய்’ என்று நேராகவே கேட்டேன். நதிமூலம், ரிஷிமூலம் என்று பதில் எழுதினீர்கள். அந்த ஒரு வரிக்குப் பதிலாக உண்மையை எழுதியிருந்தால் இந்த அறிக்கையே இல்லை. இப்போது அதில் என் கையெழுத்து இருக்கிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

நாளை காலை அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு ஐம்பது நிமிடப் பாடம் திறக்கிறது. நான் போய் உண்மையைச் சொன்னால் உங்கள் முப்பத்தெட்டுப் பேருக்கு ஹால் டிக்கெட் இல்லை. சொல்லாவிட்டால் அந்த அறுநூறு பேர் ஐம்பது நிமிடத்தில் மூச்சு முட்டுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகவில்லை, நாற்பத்திரண்டுதான். ஆனால் இன்று படியேறும்போது அப்படித்தான் இருந்தது.

அவர்களுக்காகச் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டிசம்பர் முப்பத்தொன்றுக்காகவும்தான் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நான் யோசித்துவிட்டேன். நான் வாயைத் திறக்கப்போவதில்லை. நீங்களும் திறக்க வேண்டாம். ஜனவரித் தேர்வு முடியட்டும். அதன்பிறகு ஏதாவது காரணம் சொல்லி நானே பாடங்களைச் சின்னதாக்குகிறேன். அதுவரை உங்கள் லேபைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. பதில் எழுத வேண்டியதில்லை.

மாதேஸ்வரன்

*

பாப்பிரெட்டிப்பட்டி
8 நவம்பர் 2024

மாதேஸ்,

பதில் வேண்டாம் என்றாய். ஐந்து வாரம் எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில், நீ கேட்டது சரிதான். பாதி எனக்காகத்தான் செய்தேன். அது பாதியா, பாதிக்கு மேலா என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று முன்தினம் தீர்த்தம்மாள் அசைன்மெண்ட் கொடுக்க லீவு போட்டுவிட்டு வந்தாள். நான் ஆபீசில் இருப்பேன் என்று நினைத்திருந்தாள். அங்கே இல்லை என்றதும் லேபுக்கு வந்துவிட்டாள். நாலு மணி பத்து நிமிடம். பத்தொன்பது மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. வாசலுக்குப் பக்கத்து மெஷினில் மேலே அவள் பெயர்.

“மேடம், நான் இங்கதானுங்க நிக்கறன். அங்க என் பேருல யாருங்க பாடம் பாக்கறது?”

சொன்னேன். சிவப்பு, பச்சை, ஹால் டிக்கெட் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“தெனமும் நாலு மணிக்கேவா மேடம்?”

ஆமாம் என்றேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, “அப்ப என் போனு நல்லாத்தான் இருந்துச்சுங்களா?” என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரு கணக்கு ஓரிடத்தில் திறந்திருந்தால் வேறோர் இடத்தில் திறக்காது என்று நீங்கள் பூட்டு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? நான் நாலு மணிக்கு இங்கே அவள் கணக்கைத் திறந்துவிடுகிறேன். அவள் முக்கால் மணி நேரம் நடந்து தார் ரோட்டுக்கு வந்து நாலேகாலுக்குத் தன் போனில் திறக்கப் பார்க்கிறாள். சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ வருகிறது. மூடிவிட்டு மறுபடி போடுகிறாள். மறுபடி சிவப்பு. ஐந்து மணிவரை அதைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு மினி பஸ் ஏறிப் போய்விடுகிறாள். ஜூலை பாதியிலிருந்து, ஆகஸ்ட் முழுக்க.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் தொறக்குது, எனக்கு மட்டுந்தான் தொறக்கலைன்னு நெனச்சனுங்க. கடையில காட்டுனா போனு பழசுன்னாங்க. வூட்டுக்காரரு சேரும்போதே சொன்னாரு, இந்த வயசுல உனக்கெதுக்குடி படிப்புன்னு. செரி, அவரு சொன்னதுதான் செரின்னு பாடம் பாக்கறதயே உட்டுட்டனுங்க. கட்டுன பணத்துக்கு அசைன்மெண்டாவது குடுத்துரலாம்னு வந்தன்.”

மாதேஸ், அவள் படிக்கத்தான் வந்தாள். அவள் வருகிற அதே நேரத்தில் உள்ளே நான் உட்கார்ந்துகொண்டு கதவை அடைத்துவிட்டேன். பச்சை வாங்கிக்கொடுத்தேன் என்று ஆறரை பஸ்ஸில் பெருமையாகப் போயிருக்கிறேன்.

அன்றோடு லேபைப் பூட்டிவிட்டேன். பாஸ்வேர்டு நோட்டைக் கிழித்தாயிற்று.

இத்துடன் இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். அலுவல் முறையில், என் கையெழுத்தோடு. நடந்தது எல்லாம் நான் செய்தது, மாணவர்களுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். கமிட்டியில் கொடுப்பதும் கிழித்துப்போடுவதும் உன் பாடு. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பார். அவள் தட்டித் தட்டித் திறக்காமல் போனது உன் கணக்கில் எங்கேயாவது பதிந்திருக்குமா? ஒரு மூட்டை குப்பை என்று எழுதியிருந்தாயே, அதில் தேடு. இருந்தால் அது ஒன்றுதான் அவர்களுக்குச் சாட்சி. அந்த முப்பத்தெட்டு ஹால் டிக்கெட்டைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வஹிதா

*

சென்னை
5 டிசம்பர் 2024

வஹிதா,

உங்கள் பக்கம் மழை கொட்டித் தீர்த்துவிட்டதாமே. ரோடெல்லாம் போய்விட்டதாக இண்டூரிலிருந்து தம்பி போனில் சொன்னான். தபால் எப்போது வருமோ, இதை ரிஜிஸ்டரில் போடுகிறேன்.

இருந்தது. எல்லாம் இருந்தது.

நான் கழித்துப்போட்ட மூட்டையை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிரித்தேன். ‘கணக்கு வேறோர் இடத்தில் திறந்திருக்கிறது, அனுமதி மறுக்கப்பட்டது.’ இந்த ஒரு வரி மட்டும் உன் மையத்திலிருந்து ஆயிரத்து நூற்றுச் சொச்சம் தடவை. முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தாறு பேர் முட்டியிருக்கிறார்கள். தீர்த்தம்மாள் ஜூலை பதினெட்டாம் தேதி நாலு பத்தொன்பதுக்கு முட்டியிருக்கிறாள், மறுப்பு. நாலு இருபத்தொன்றுக்கு, மறுப்பு. நாலு இருபத்துநாலுக்கு, மறுப்பு. அப்படியே ஒன்றரை மாதம். கடைசியாகச் செப்டம்பர் மூன்று. அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான். அதற்கப்புறம் அவள் வரவில்லை.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி நான் உனக்கு என்ன எழுதினேன் என்று ஞாபகம் வந்தது. கோடு நேராக நிற்கிறது என்று குதித்தேன். பொய்யை நீ உள்ளே வைத்தாய். உண்மையைப் பிழைச் செய்தி என்று எடுத்து வெளியே போட்டவன் நான். உன்னைக் கேள்வி கேட்டு ஒரு கடிதம் வேறு எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தையும், என் அறிக்கை தவறு என்று நான் எழுதியதையும், அந்த ஆயிரத்து நூறு வரியையும் சேர்த்துக் கமிட்டியில் கொடுத்தேன். மூன்று தடவை கூப்பிட்டார்கள். முதல் தடவை முப்பத்தெட்டுப் பேரையும் நீக்குவது என்றே பேச்சு. “போலி வருகைன்னா போலி வருகைதானுங்க” என்றார் தலைவர். இரண்டாவது தடவை தீர்த்தம்மாளின் ஒன்றரை மாதத்தைத் தேதிவாரியாக வாசித்தேன். முழுக்க வாசித்தேன். நடுவில் ஒருத்தர் போதும் என்றார். நான் நிறுத்தவில்லை.

மூன்றாவது தடவை முடிவு சொன்னார்கள். இந்த செமஸ்டருக்குப் பார்த்த நிமிடத்தை யாருக்கும் கணக்கில் எடுப்பதில்லை. பதினோரு மையத்திலும் எல்லோருக்கும் ஹால் டிக்கெட். ஐம்பது நிமிடம் ஒழிந்தது. எட்டு நிமிடக் குரல் பாடம், இறக்கி வைத்துக்கொள்ளலாம், கூட எழுத்துப் பிரதி. முதல் பத்துப் பாடம் இந்த வாரம் ஏற்றிவிடுகிறோம். ஒரே கணக்கை இரண்டு இடத்தில் திறக்கலாம். எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள வேண்டும்.

உனக்கு நல்ல செய்தி இல்லை. உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று உன் கல்லூரிக்கு எழுதிவிட்டார்கள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என்னைச் சான்றிதழ் அச்சடிக்கிற பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே யாரும் எதையும் பார்ப்பதில்லை. எனக்கு இப்போது அதுவே போதும்.

போனில் என் நம்பருக்குப் போட்ட தடையை எடுத்துவிட்டால் சந்தோஷப்படுவேன். அவசரமில்லை.

மாதேஸ்

*

தர்மபுரி
6 ஜனவரி 2025

மாதேஸ்,

முப்பத்தொன்றாம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பிரின்சிபால் டீ வாங்கிக் கொடுத்தார். வேறென்ன செய்வார் பாவம். லூர்துமேரிதான் அழுதாள். நசீருதீனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “இதை அப்பவே சொல்லியிருந்தா சேர்ந்து யோசிச்சிருக்கலாமே” என்றார். கொஞ்ச நாள் கடையில் உட்காரப்போகிறேன். பெரிசாக வருத்தம் இல்லை. அசதிதான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை என்பதை உடம்பு இன்னும் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை ஹால் டிக்கெட் வந்துவிட்டது என்று லூர்துமேரி சொன்னாள். முப்பத்தேழு பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். தீர்த்தம்மாள் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. இனி நான் மேடமும் இல்லை, போகவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் அவளுடையதை வாங்கிக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறினேன். தார் ரோட்டில் இறங்கும்போது மணி நாலு. அங்கே ஒரு புளியமரமும், உடைந்த சிமெண்டு பெஞ்சும் இருக்கின்றன. அவளுடைய கல்லூரியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நாலேகால் தாண்டி வந்தாள். மளிகை வாங்க வந்திருக்கிறாள், படிக்க இல்லை. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

சுற்றி வளைக்கவில்லை. உன் போனும் நல்லாத்தான் இருந்தது, உன் தலையும் நல்லாத்தான் இருந்தது, நான்தான் உன்னை வெளியே தள்ளினேன், மன்னித்துவிடு என்றேன். ஹால் டிக்கெட்டை நீட்டினேன். நீ கமிட்டியில் அவள் பெயரில் தேதி தேதியாக வாசித்ததையும் சொன்னேன்.

“அத்தனையும் அதுல எழுதி இருந்துச்சுங்களா?” என்றாள். நம்ப முடியாமல்தான் கேட்டாள். “அங்க ஒருத்தருக்காவது அப்பவே தெரிஞ்சிருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

ஹால் டிக்கெட்டில் இருந்த தன் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தேர்வுக்குப் பதினாறு நாள்தான் இருக்கிறது. முடியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவளாகவே சொன்னாள்.

“எழுதறனுங்க. ஆனா உங்களுக்கோசரம் இல்ல மேடம். அந்த ஒன்றரை மாசமும் எனக்கு மண்டையில ஒண்ணும் ஏறாதுன்னு நானே என்னைத் திட்டிக்கிட்டு நடந்தனே, அதுக்கோசரம் எழுதறன்.”

நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

உன் எட்டு நிமிடப் பாடத்தை எப்படி இறக்குவது என்று காட்டிக்கொடுத்தேன். அதற்கு முதலில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பழக்க தோஷத்தில், “கொடு, நான் போட்டுத் தர்றேன்” என்று கையை நீட்டிவிட்டேன்.

போனை அவள் தரவில்லை. “பரவால்லீங்க மேடம், நானே போட்டுக்கறன்” என்று மரியாதையாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உடம்பைக் கொஞ்சம் திருப்பி, திரை எனக்குத் தெரியாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு நானே நாலடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன்.

வஹிதா